சிலந்தி வாரம்

ஆக்மரல் என்று ஒரு ஆறு வயதுப் பெண். என் பாடத்தின் நடுவிலேயே அவள் செத்திருப்பாள். சாகாமல் பிழைத்ததில் எனக்கோ எங்கள் மழலையர் பள்ளிக்கோ எந்தப் பங்கும் கிடையாது. ஊரில் வேறு மாதிரிப் பேசிக்கொள்கிறார்கள். உல்பிகே டீச்சர்தான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள், அவள் இல்லையென்றால் என்ன ஆகியிருக்கும் என்று. அந்த உல்பிகே நான்தான். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நடந்தது அதுவல்ல.

எல்லாம் சல்தனத்தால் வந்தது என்று ஆரம்பிக்கத்தான் எனக்கு ஆசை. சல்தனத் எங்கள் தலைமை ஆசிரியை, வயது இருபத்தொன்பது. மே மாதக் கடைசியில் மூன்று நாள் பயிற்சிக்கு அல்மாட்டிக்குப் போனாள். திரும்பி வந்தபோது கையில் ஒரு கோப்பு, கழுத்தில் ஓர் அடையாள அட்டை. அந்த அட்டையை அடுத்த பத்து நாளும் அவள் கழற்றவில்லை. பதினோரு பேர் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில் அவள் யாரென்று எங்களுக்கு மறந்துவிடும் என்று பயந்தாளோ என்னவோ.

"அபாய், ஜூன் முதல் வாரம் சிலந்தி வாரம்" என்றாள். எங்களிடம் சின்னவர்கள் மூத்த பெண்ணை அபாய் என்றுதான் கூப்பிடுவார்கள். குழந்தைகளுக்கும் ஆசிரியை அபாய்தான். "அறிவியலும் எழுத்தும் சேர்த்து நடத்தணும். கடைசி நாள் திறந்த பாடம். மாவட்டத்துலேர்ந்து குழு வருது. உங்க நிலை உயர்வையும் அதுலயே பார்த்துடுவாங்க."

கடைசி வாக்கியத்தை வேண்டுமென்றே கடைசியில் வைத்தாள். பத்தொன்பது வருடமாக நான் இரண்டாம் நிலை ஆசிரியை. எனக்குப் பின்னால் வந்தவர்கள், அவளையும் சேர்த்து, என் தலைக்கு மேல் ஏறிப் போய்விட்டார்கள். முதல் நிலை என்ற சொல்லைக் கேட்டதும் நான் வாயை மூடிக்கொண்டு கோப்பை வாங்கிக்கொண்டேன்.

கோப்பை முழுதாகக் குறை சொல்ல முடியாது. திங்கட்கிழமை காகிதத் தட்டில் சிலந்தி செய்தோம். கறுப்புக் காகிதத்தை நறுக்கிப் பக்கத்துக்கு நான்கு என்று ஒட்டி, எட்டுக் கால் எண்ணினோம். செவ்வாய்க்கிழமை பூச்சிக்கு ஆறு கால், சிலந்திக்கு எட்டு, அதனால் சிலந்தி பூச்சியே இல்லை என்று சொன்னபோது நுர்தாஸ் என்ற பையன் வீட்டுக்குப் போய் அவன் அப்பாவோடு சண்டை போட்டிருக்கிறான். புதன்கிழமை செருப்பு அலமாரிக்குப் பின்னால் இருந்த வலைமேல் செடிக்குத் தண்ணீர் அடிக்கும் புட்டியால் தெளித்தோம். துளித்துளியாக வலை முழுதும் தெரிந்ததும் பதினாறு பிள்ளைகளும் மூச்சுவிடாமல் நின்றார்கள். வியாழக்கிழமை அட்டையில் துளை போட்டு, எங்கள் மொழியில் சிலந்தி எந்த எழுத்தில் தொடங்குகிறதோ அந்த எழுத்தை நூலால் வலை மாதிரி கோத்தோம். பிள்ளைகளுக்குப் பிடித்திருந்தது. எனக்கும் பிடித்திருந்தது, அதைச் சல்தனத்திடம் காட்டிக்கொள்ளவில்லை.

கோளாறு வேறு இடத்தில். அந்தக் கோப்பை எழுதியவர்கள் ஊரில் சிலந்தி குளியலறை மூலையில் உட்கார்ந்திருக்கும், பார்த்துக் கத்துவார்கள், அவ்வளவுதான் போலிருக்கிறது. அதனால் பக்கத்துக்குப் பக்கம் சிலந்தி நம் நண்பன், சிலந்தியைக் கண்டு பயப்படாதே, கிட்டே போய்ப் பார், கால்களை எண்ணு என்று எழுதி வைத்திருந்தார்கள். எங்கள் ஊர் சூ ஆற்றங்கரையில் இருக்கிறது. பள்ளிக்கூட வேலியைத் தாண்டினால் புல்வெளி. ஜூன் மாதம் அங்கே கரக்குர்த் என்ற விஷச் சிலந்தி இறங்கும். கொண்டைக்கடலை அளவு உடம்பு, பளபளவென்று கறுப்பு. குட்டியாக இருக்கும்போது முதுகில் சிவப்புப் புள்ளி, வளர்ந்த பிறகு அதுவும் இருக்காது. அது கடித்து என் சித்தப்பாவின் ஒட்டகம் விழுந்ததை நான் பார்த்திருக்கிறேன். ஒட்டகத்தைச் சாய்ப்பதை எங்கள் ஊர்ப் பிள்ளை கிட்டே போய்க் கால் எண்ண வேண்டுமாம்.

வெள்ளிக்கிழமைக்கு ஒரு புத்தகம். 'எட்டுக் கால் நண்பன்' என்று தலைப்பு. பிள்ளைக்கு ஒரு பக்கம், பக்கத்துக்கு ஒரு வரி. அவரவர் வரியை அவரவர் எழுதிப் படம் போட்டு, திறந்த பாடத்தில் எழுந்து நின்று வாசிக்க வேண்டும். பதினைந்து வரி கோப்பில் இருந்தது. பதினாறாவதை நான் எழுதினேன்: 'கறுப்புச் சிலந்தியைத் தொடாதே. கையைத் தூக்கு. பெரியவரைக் கூப்பிடு.' அந்தப் பக்கத்தை ஆக்மரலுக்குக் கொடுத்தேன்.

ஏன் அவளுக்குக் கொடுத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கடைசிப் பக்கம், அதற்குள் பார்க்க வந்தவர்கள் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்திருப்பார்கள். ஆக்மரல் பேசினால் பக்கத்தில் இருக்கிறவளுக்கே கேட்காது. பேருந்து நிலையத்தில் பவுர்சாக் என்ற மாவுப் பலகாரம் பொரித்து விற்கும் ஜாதிராவின் பெண். அம்மா நாள் முழுக்கக் கூவுவதால் மகளுக்குக் குரலே மிச்சம் இல்லை என்று எங்கள் ஆயா தோக்ஜான் சொல்வாள். நான் சிரித்திருக்கிறேன். அந்தப் பெண் நான்கு நாள் உட்கார்ந்து அந்த மூன்று வரியை மனப்பாடம் செய்தாள். கையைத் தூக்கு என்ற இடத்தில் கையையும் தூக்கிக் காட்டுவாள்.

வியாழக்கிழமை மத்தியானம் சல்தனத் புத்தகத்தைப் புரட்டினாள்.

"இது என்ன அபாய், கடைசிப் பக்கம்?"

"கரக்குர்த்."

"அது தெரியுது. ஏன் இருக்குன்னு கேக்கறேன். நாலு நாளா நண்பன் நண்பன்னு சொல்லிட்டு கடைசில தொடாதேன்னா பிள்ளைங்க குழம்பாதா?"

"குழம்பட்டும். உயிரோட குழம்பட்டும்."

"குழுவுல கேப்பாங்க. பாடத்தோட நோக்கம் பயத்தைப் போக்கறது. நீங்க பயத்தை உண்டாக்கறீங்க. தவிர இருபத்தஞ்சு நிமிஷத்துல முடிக்கணும், பதினாறு பேர் வாசிச்சா இருபத்தாறு ஆகுது, நான் நேத்தே கணக்குப் பண்ணிட்டேன்."

"அப்போ மூணாவது பக்கத்த எடு. 'சிலந்தி மென்மையானது'. எந்த மடையன் தடவிப் பார்த்தான்?"

"அபாய்" என்றாள், குரலை இறக்கி. "உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

என் நல்லது எதுவென்று எங்கள் இருவருக்கும் தெரியும். நான் அந்தப் பக்கத்தைக் கிழித்தேன். அவள் கிழிக்கவில்லை, நான்தான் கிழித்தேன், ஓரம் பிசிறில்லாமல், அளவுகோல் வைத்து. ஆக்மரலிடம் போய், உனக்கு நாளைக்கு வரி இல்லை, சும்மா அழகாக உட்கார்ந்தால் போதும் என்றேன். சரி அபாய் என்றாள்.

அத்தோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. சல்தனத்துக்குப் பாடத்தில் தேசியப் பண்பாடும் வேண்டியிருந்தது. இப்போது அது இல்லாமல் இங்கே எதுவும் நடப்பதில்லை. பல் துலக்கச் சொல்லித் தருவதாக இருந்தாலும் பின்னால் ஒருவன் தோம்ப்ரா வாசிக்க வேண்டும். அதனால் பாடம் வகுப்பறையில் இல்லை, கம்பளிக் கூடாரத்தில் என்று முடிவு செய்தாள். கலாச்சார மாளிகையிலிருந்து கூடாரத்தை இரவல் வாங்கி, பின்பக்கம் கசப்புப் புதர் மண்டிக் கிடந்த இடத்தில் மேலாகப் புல்லை வெட்டிவிட்டு நிறுத்தச் சொன்னாள். கரக்குர்த் தாண்டி வராமல் இருக்கக் கூடாரத்தைச் சுற்றிக் குதிரை மயிர்க் கயிறு போட வேண்டிய இடத்தில் பச்சை நைலான் கயிறு. கீழே ஆட்டுக் கம்பளம் இல்லை, சீனத்துப் பஞ்சு விரிப்பு. அதுவும் சுவர் வரைக்கும் எட்டவில்லை.

நான் போய்ச் சொன்னேன். அதையாவது சொன்னேன்.

"சல்தனத், கூடாரம் போடறதுக்கு முன்னாடி அந்த எடத்துல ஆட்ட ஓட்டணும். வேலிக்கு அந்தப் பக்கம் மெயிர்ஹான் நாப்பது ஆடு வெச்சிருக்கான். ஒரு வார்த்தை சொன்னா அரை மணி நேரம் விடுவான். ஆடு கரக்குர்த்த மிதிக்கும், தின்னும், அதுக்கு ஒண்ணும் ஆகாது. அந்த வாடைக்கு மிச்சது கிட்ட வராது. உங்க தாத்தா ஆட்ட ஓட்டாம ஒரு முளை அடிச்சிருப்பாரா?"

அவள் சிரித்தாள். "என் தாத்தா டிராக்டர் ஓட்டினார் அபாய்."

"ஓட்டட்டும். நான் சொல்றதக் கேளு."

"ஆடு வந்தா புழுக்கை போடும். நாளைக்குக் காலைல தௌகே வரார். புழுக்கைல அவர் கால வெக்கணுமா? வெக்கக்கேடு இல்லயா?"

தௌகே என்பது குழுவின் தலைவர். முழுப் பெயர் தவுலெத்பெக். மரியாதைக்காகப் பெயரை வெட்டி வால் ஒட்டிச் சொல்கிறோம். வெட்கக்கேடு என்று ஒருத்தி சொல்லிவிட்டால் எங்கள் ஊரில் பேச்சு அத்தோடு முடிந்தது. கொலைகூடச் செய்யலாம், விருந்தாளி முன்னால் வெட்கக்கேடு கூடாது. இன்னும் ஒன்று சொல்ல வேண்டும்: அதே வியாழக்கிழமை மெயிர்ஹானிடமிருந்து ஒரு ஆடு வந்தது. விருந்துக்கு அறுக்க. ஆட்டின் கால் எங்கள் முற்றத்தில் படக்கூடாது, தலை மட்டும் தட்டில் வரலாம்.

சரி என்று நான் திரும்பி வந்துவிட்டேன். நினைத்திருந்தால் மெயிர்ஹானிடம் நானே பேசியிருக்கலாம். அவன் வேலி தாண்டி நின்று தினமும் எனக்கு வணக்கம் சொல்கிறவன். நான் பேசவில்லை. எக்கேடோ கெட்டுப் போகட்டும், இந்த முட்டாள்களுக்கு எத்தனை தடவைதான் சொல்வது என்று மனதுக்குள் ஏசிக்கொண்டே ஒத்திகைக்குப் போனேன். ஏசுவது எனக்கு எப்போதுமே ஒரு வேலை செய்து முடித்த திருப்தியைத் தரும்.

திறந்த பாடம் என்று பெயரே தவிர அதைவிட இறுக்கி மூடிய ஒன்றை நான் பார்த்ததில்லை. எந்தக் கேள்விக்கு யார் கையைத் தூக்குவது, எல்லோருக்கும் எல்லாம் தெரிந்திருந்தால் சந்தேகம் வரும் என்பதால் யார் ஒரு தப்பான பதில் சொல்வது, அதை யார் திருத்துவது, எந்த இடத்தில் எல்லோரும் சிரிப்பது, எல்லாம் முன்பே முடிவு செய்யப்படும். நுர்தாஸ் ஆச்சரியப்பட வேண்டிய இடத்துக்கு முன்னால் நான் மூக்கைத் தொடுவேன். இதில் என்னை மிஞ்ச மாவட்டத்தில் ஆள் இல்லை. மற்ற விதிகளையும் அன்று சாயங்காலம் நானே சொல்லித் தந்தேன். உங்கள் வரி இல்லாதபோது கை தூக்கக்கூடாது. ஒண்ணுக்கு வருது என்று சொல்லக்கூடாது. பக்கத்தில் இருப்பவன் கிள்ளினாலும் அழக்கூடாது, விருந்தாளிகள் போன பிறகு அழலாம். ஐந்து தடவை ஒத்திகை பார்த்தோம். ஐந்தாவது தடவையில் ஒரு பிள்ளைகூடத் தப்புச் செய்யவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குக் குழு வந்தது. தௌகே முன்னால், அவருக்குப் பின்னால் இரண்டு பெண்கள், இருவர் கையிலும் மதிப்பெண் தாள். தௌகே நல்ல பருமன். குனிந்து கூடாரத்துக்குள் நுழைவதற்கே அவருக்கு இரண்டு பேர் கை கொடுத்தார்கள். உட்கார்ந்ததும் பண்பாடு, பண்பாடு என்று கூரையைப் பார்த்துச் சொல்லிவிட்டுக் கைப்பேசியை எடுத்தார். பாடம் முழுக்க அதைக் கீழே வைக்கவில்லை.

வரி உள்ள பிள்ளைகளை விரிப்பின் நடுவில் அரை வட்டமாக உட்கார வைத்திருந்தேன். ஆக்மரலுக்கு வரி இல்லை. அவளை ஓரத்தில், கூடாரச் சுவரை ஒட்டி, விரிப்பு எட்டாத இடத்தில் உட்கார வைத்தேன். வெள்ளை நாடா கட்டியிருந்தாள், அவள் அம்மா கஞ்சி போட்டுத் தேய்த்த சட்டை.

பாடம் கடிகாரம் மாதிரி ஓடியது. கால் எண்ணினோம், பூச்சியிலிருந்து பிரித்தோம், தப்பான பதில் வந்தது, திருத்தினோம், சிரித்தோம். எட்டாவது நிமிடமோ பத்தாவதோ இருக்கும், புத்தகம் தொடங்கவில்லை இன்னும், ஓரத்தில் ஆக்மரல் கையைத் தூக்கினாள்.

எனக்கு உடனே புரிந்துவிட்டது என்று நினைத்தேன். நான்கு நாள் மனப்பாடம் செய்த வரி வாய்க்குள் நிற்கவில்லை, சொல்லிப் பார்க்க ஆசைப்படுகிறாள். குழுவின் முன்னால் அந்த வரி வந்தால் சல்தனத் முகம் எப்படிப் போகும் என்பதும் தோன்றியது. அவளைப் பார்த்துக் கண்ணை உருட்டினேன். என் கண் உருட்டலுக்கு எந்தப் பிள்ளையும் அடங்கும். கையை இறக்கினாள்.

முதல் பக்கம் வாசித்தார்கள். சிலந்தி நம் நண்பன். இரண்டாவது பக்கம். மூன்றாவது. சிலந்தி மென்மையானது. ஆக்மரல் மறுபடி கையைத் தூக்கினாள், இந்தத் தடவை முழங்கையை இன்னொரு கையால் தாங்கிக்கொண்டு. முகம் சிவந்திருந்தது. அழுத்தக்காரி, பார், எப்படி அடம் பிடிக்கிறாள் என்று நினைத்தேன். இவ்வளவு நாள் வாயைத் திறக்காதவளுக்கு இன்றைக்கு என்ன வந்தது என்று நினைத்தேன். தலையைப் பக்கவாட்டில் ஆட்டி, உதட்டை மட்டும் அசைத்து, கையைக் கீழே போடு என்றேன். போட்டாள். அதற்குப் பிறகு தூக்கவில்லை.

பதினைந்து பக்கமும் வாசித்து முடிந்தது. இருபத்து நான்கு நிமிடம். தௌகே கை தட்டினார், இரண்டு பெண்களும் தட்டினார்கள், சல்தனத் கண்ணில் தண்ணீர். குழுவை விருந்துக்குக் கூட்டிப் போனாள். பிள்ளைகள் வரிசையாக வெளியே போனார்கள். ஆக்மரல் எழுந்திருக்கவில்லை.

தோக்ஜான்தான் முதலில் போய்ப் பார்த்தாள். "அபாய், இங்க வாங்க. இவளுக்கு உடம்பெல்லாம் வேர்த்து ஊத்துது. வயிறு பலகையாட்டம் இருக்கு."

நான் போய்த் தூக்கினேன். கால் தரையில் நிற்கவில்லை. சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. தொடையில் ஒரு சின்னச் சிவப்புத் திட்டு, ஊசி குத்தியது மாதிரி. அவள் உட்கார்ந்திருந்த இடத்தில், புல் தட்டையில், நசுங்கிக் கறுப்பாக ஒன்று கிடந்தது. கால் எண்ண வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

"எப்படா கண்ணு கடிச்சுது?" என்றேன்.

"நுர்தாஸ் தப்பாச் சொன்னான்ல, அப்போ" என்றாள். பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். "நான் தொடல அபாய். அதுவாத்தான் வந்துச்சு. கையத் தூக்கினேன்."

கறுப்புச் சிலந்தியைத் தொடாதே. கையைத் தூக்கு. பெரியவரைக் கூப்பிடு. பாடத்தில் நானே எழுதிச் சேர்த்த ஒரே உருப்படியான வரி அது. அந்தக் கூடாரத்தில் கற்றுத் தந்தபடி நடந்துகொண்ட ஒரே ஆளும் அவள்தான். இரண்டு தடவை பெரியவரைக் கூப்பிட்டாள். பெரியவர் கண்ணை உருட்டினார்.

கடித்த இரண்டு நிமிடத்துக்குள் அந்த இடத்தில் தீக்குச்சியைப் பொசுக்கிச் சுடுவார்கள் எங்கள் ஆட்கள். இப்போது கால் மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஆம்புலன்சுக்குத் தோக்ஜான் கூப்பிட்டாள். ஒரே வண்டிதான், அது தூரத்து ஆட்டுப்பட்டி ஒன்றில் ஒரு பெண்ணின் பிரசவத்துக்குப் போயிருந்தது. நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சாப்பாட்டுக் கூடத்துக்குள் போனேன்.

முதல் மரியாதையாகத் தௌகேயின் முன்னால் ஆட்டுத் தலை வைத்திருந்தார்கள். காதை அறுக்கக் கத்தியை எடுத்திருந்தார். சல்தனத் ஓடி வந்து என் முழங்கையைப் பிடித்தாள்.

"அபாய், என்ன இது. சாப்ட உக்காந்திருக்காங்க. வெளிய வாங்க, பேசிக்கலாம்."

"கரக்குர்த் கடிச்சிருக்கு. காரு வேணும்."

"மெதுவாப் பேசுங்க."

"பத்தொன்பது வருஷமா மெதுவாத்தான் பேசறேன். காரு வேணும்."

தௌகே கத்தியை வைக்கவில்லை. "ஏம்மா, ஆம்புலன்ஸ் இல்லையா? டிரைவர் இப்பத்தானே உக்காந்தான். ஒரு வாய் சாப்ட்டு..."

அவர் முடிக்கவில்லை. மேசையின் கடைசியில், கதவோரம் உட்கார்ந்திருந்த ஓட்டுநர் எழுந்துவிட்டான். கையைக் கால்சட்டையில் துடைத்தான், முதலாளியைப் பார்க்கவே இல்லை. "பின் சீட்டுல படுக்க வைங்க, தலையக் கொஞ்சம் தூக்கிப் பிடிங்க" என்றான். ஆஸ்பத்திரிக்கு ஆறு நிமிடத்தில் போனோம். மாற்று மருந்து அங்கே இல்லை. நகரத்திலிருந்து வர வேண்டும், பேருந்தில் அனுப்பினால் சாயங்காலம் ஆகும் என்றார்கள். அவன் போய் வாங்கி வருகிறேன் என்று கிளம்பினான். போய்வர முந்நூறு கிலோமீட்டர், தௌகேயின் காரில், தௌகேயைக் கேட்காமல். பகல் மூன்று மணிக்கு மருந்து ஊசிக்குள் இருந்தது. பிள்ளை பிழைத்தது அதனால்தான். அவனுக்கு வேலை போய்விட்டது என்று பிறகு கேள்விப்பட்டேன். பெயரைக்கூட நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் சல்தனத் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். ஆப்பிள் பையோடு. அடையாள அட்டையைக் கழற்றியிருந்தாள், அதற்காவது அவளைப் பாராட்ட வேண்டும். தாழ்வாரத்தில் என்னை உட்கார வைத்து ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்தாள்.

"விளக்கம் எழுதணும் அபாய். கேட்டிருக்காங்க. காலைல வரும்போதே பிள்ளைக்கு உடம்பு சரியில்ல போலத் தெரிஞ்சுதுன்னு எழுதிடுங்க. வீட்லயே கடிச்சிருக்கலாம்னு. கடிச்சிருக்கலாம்னுதான், கடிச்சுதுன்னு இல்ல."

"ஜாதிரா தலைல போடச் சொல்ற."

"யார் தலைலயும் போடல. அந்தம்மாவ யாரு கேள்வி கேக்கப் போறாங்க? பவுர்சாக் விக்கறவங்க. உங்களுக்கும் எனக்கும்தான் வேலை போகும்."

நான் நடந்ததை எழுதினேன். ஆட்டை ஓட்டாதது, பக்கத்தைக் கிழித்தது, கை தூக்கியது, நான் கண்ணை உருட்டியது, எல்லாம். ஒன்றரைப் பக்கம். பெரிய வீரம் என்று நினைத்துவிட வேண்டாம். சல்தனத் அதை வாசித்தாள், மடித்துக் கைப்பையில் வைத்தாள், இரண்டு நாள் கழித்து என் பெயரில் தானே வேறொன்று எழுதி அனுப்பிவிட்டாள். எனக்கு அது தெரிந்தது. அதற்குப் பிறகும் நான் அந்தப் பள்ளிக்கூடத்துக்குத்தான் போகிறேன்.

திங்கட்கிழமை காலை அவளே தொலைபேசியில் கூப்பிட்டாள். பாடத்துக்கு முழு மதிப்பெண். குழந்தைகளின் ஒழுக்கத்தைத் தனியாகக் குறிப்பிட்டு எழுதியிருக்கிறார்களாம். முதல் நிலை எனக்கு வந்துவிட்டது. நன்றி என்று சொன்னேன். என் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தது.

அதன் பிறகு ஆக்மரலைப் பார்க்கப் போனேன். வலி அடங்கியிருந்தது. கட்டிலில் தலையணையை அண்டக் கொடுத்து உட்கார்ந்திருந்தாள், கன்னம் ஒட்டிப்போய். ஜாதிரா பக்கத்தில் ஸ்டூலில். என்னைப் பார்த்ததும் ஜாதிரா எழுந்து நின்றாள். அவள் என்னை அடிப்பாள் என்று எதிர்பார்த்துத்தான் போனேன். அடித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும். அவள் என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க இல்லன்னா என் பொண்ணு இல்ல அபாய். ஊரே சொல்லுது."

"ஊருக்கு ஒண்ணும் தெரியாது, ஜாதிரா. அவ கையத் தூக்கினா. ரெண்டு தடவ. நான்தான் கீழ போடுன்னேன்."

"சொன்னா அபாய், எங்கிட்டயும் சொன்னா." ஜாதிராவின் முகத்தில் கோபத்தைத் தேடினேன். பெருமைதான் இருந்தது. "அவ்ளோ வலியிலயும் வாயத் தெறக்கல பாருங்க. டாக்டரே ஆச்சரியப்பட்டார், பெரிய ஆம்பளைங்களே கத்துவாங்களாம். அத்தன விருந்தாளிங்க முன்னாடி உங்களயும் என்னயும் தலை குனிய வெக்கல. நல்லபடியாத்தானே வளத்திருக்கேன்."

அவளை வெறுக்க முடிந்திருந்தால் எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும். நான் கட்டிலில் உட்கார்ந்து பிள்ளையின் பக்கம் திரும்பினேன்.

"ஆக்மரல், இங்க பாரு. நீ அழுதிருக்கணும். சத்தம் போட்டு அழுதிருக்கணும். நான் கண்ண உருட்டினாலும் அழணும். யாரு உக்காந்திருந்தாலும் அழணும். புரியுதா?"

அவள் அம்மாவைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். தப்புச் செய்துவிட்டோம் என்று அவளுக்குப் புரிந்தது. எதைத் தப்பாகச் செய்தோம் என்று யோசித்தாள். முதுகை நிமிர்த்தி, கையை மடியில் வைத்து, நான் பழக்கிய மாதிரியே உட்கார்ந்தாள்.

"அழறேன் அபாய்" என்றாள். அந்தக் குரலுக்கு நான் குனிந்து காது கொடுக்க வேண்டியிருந்தது. "எந்த எடத்துல அழணும்? யாரோட வரிக்கு அப்புறம்?"